ஓவனில் மொறுமொறு மாட்டிறைச்சி டக்கீட்டோ: திருகோணமலைச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

ரோல்ஸ் சுற்றத் தெரிந்த கைக்கு டக்கீட்டோ ஒரு பிற்பகல் வேலை. மெல்லிய ரொட்டி, அதற்குள் பிய்த்த மாட்டிறைச்சி, விரல் தடிப்பில் இறுக்கமான ஒரு சுருட்டு, மேலே கொஞ்சம் எண்ணெய், பிறகு ஓவன். முட்டையில் தோய்த்து ரஸ்க் தூளில் புரட்டுகிற வேலை கிடையாது. தாச்சி நிறைய எண்ணெய் கொதிக்கவும் வேண்டாம்.

ஆனாலும் முதல் தடவை செய்கிறவர்கள் இரண்டு விதமாக ஏமாறுவதுண்டு. ஓவனிலிருந்து எடுக்கும்போது நன்றாக இருந்தது, மேசைக்கு வருவதற்குள் சவசவ என்று இழுபடும். அல்லது சுற்றும்போதே ரொட்டி வெடித்து, இறைச்சி முழுக்கத் தட்டில் கொட்டும். இரண்டுமே ஈரத்தால் வருகிற வினை. இறைச்சி காய்ந்திருக்க வேண்டும், ரொட்டி ஈரப்பதமாக இருக்க வேண்டும். நாங்கள் அநேகமாக இதை மாற்றிச் செய்கிறோம்: குழம்போடு இறைச்சி, காய்ந்துபோன ரொட்டி. கீழே சொல்லியிருக்கிற படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைச் சரிப்படுத்துவதற்குத்தான்.

இது மெக்சிக்கோக்காரர்களின் சாப்பாடு. அங்கே சோள ரொட்டியைச் சுற்றி எண்ணெயில் பொரிப்பார்கள். எல்லைக்கு வடக்கே அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கிய இடங்களில் ஒன்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒல்வேரா தெரு. 1934இல் அங்கே தொடங்கிய ஒரு சின்னக் கடை, பிய்த்த மாட்டிறைச்சி வைத்த டக்கீட்டோவுக்கு மேலே ஆனைக்கொய்யாச் சாற்றை ஊற்றிக் கொடுத்துப் பெயரெடுத்தது. ஓவனில் சுடுவது பிற்காலத்து வீட்டு வழி. பொரித்ததற்கும் சுட்டதற்கும் ருசியில் வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. பொரித்ததில் எண்ணெயின் மணம் முன்னுக்கு நிற்கும். சுட்டதில் சோளத்தின் மணமும் இறைச்சியின் ருசியும். எண்ணெய் விற்கிற விலைக்கு எனக்குச் சுட்டதே போதும்.

என்னென்ன வேண்டும்

பதினைந்து, பதினாறு டக்கீட்டோவுக்குக் கணக்கு இது. நான்கு பேர் தேநீரோடு வயிறாரச் சாப்பிடலாம்.

இறைச்சிக்கு: எலும்பில்லாத மாட்டிறைச்சி 500 கிராம், பெரிய வெங்காயம் ஒன்று, உள்ளி ஐந்து பல்லு, தக்காளி ஒன்று, செத்தல் மிளகாய் ஐந்து, வறுத்து இடித்த சின்னச் சீரகம் ஒன்றரைத் தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, கற்பூரவள்ளி இலை இரண்டு, உப்பு, தேசிக்காய் பாதி.

ரொட்டிக்கு: கோதுமை மா 250 கிராம், நைசாக அரைத்த சோள மா 120 கிராம், உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, சுடுதண்ணீர் ஒரு கப்புக்குக் கொஞ்சம் குறைய.

மேலே தடவ எண்ணெய் மூன்று, நான்கு மேசைக்கரண்டி. சீஸ் விருப்பமானால் ஒரு கைப்பிடி துருவல்.

கறித்தூளைக் காணவில்லையே என்று யாராவது கேட்பீர்கள். அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். எங்கள் வறுத்த கறித்தூளில் மல்லி, பெருஞ்சீரகம், வெந்தயம் எல்லாம் இருக்கிறது. ஒரு தேக்கரண்டி விழுந்தாலே ரோல்ஸ் வாசனைதான் வரும். அதே காரணத்தால் கறிவேப்பிலை, ரம்பை, கருவாவும் வேண்டாம். மெக்சிக்கோ ருசிக்குச் சீரகமும் மிளகாயும் உள்ளியும்தான் முதுகெலும்பு. அவர்கள் போடுகிற ஒரிகானோ என்கிற காய்ந்த இலை சூப்பர் மார்க்கெட்டுகளில் சின்னப் போத்தலில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் முற்றத்துச் சாடியில் நிற்கிற கற்பூரவள்ளி போதும், மணம் அதற்குக் கிட்டத்தான். கரீபியன் தீவுகளிலும் இந்த இலையைத்தான் ஒரிகானோவின் இடத்தில் போடுகிறார்கள். இரண்டு இலைக்கு மேல் போனால் இருமல் மருந்து வாசம் வந்துவிடும், கவனம்.

இறைச்சி வாங்குவது

காலையில் போங்கள். போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு, ஆகவே கலண்டரைப் பார்த்துவிட்டு நாளைக் குறியுங்கள். கடையில் வெறுமனே "அரைக் கிலோ மாட்டிறைச்சி" என்று கேட்டால் கறிக்கு வெட்டுவதைப்போல எலும்பும் கொழுப்பும் கலந்து சின்னச் சின்னத் துண்டாக வரும். எதற்கு என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

"நானா, தோள் பக்கம் தனி இறைச்சியா அரைக் கிலோ தாங்க. வெட்ட வேணாம், முழுசா இருக்கட்டும்."

"பொரிக்கவா?"

"இல்ல நானா, அவிச்சுப் பிய்க்க."

அவ்வளவு போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். தோளும் முன்னங்காலும் வெள்ளை நார் ஓடிய இறைச்சி. பார்க்க முரடாக இருக்கும், ஆனால் பிய்ப்பதற்கு அதுதான் சரி. அந்த நார் மெல்லிய சூட்டில் நீண்ட நேரம் வேகும்போது கரைந்து பசைபோல ஆகும். இறைச்சித் தும்புகள் தாமாகப் பிரியும், வாயில் காயாது. நல்ல துண்டு என்று விலை கூடக் கொடுத்து வாங்குகிற முதுகிறைச்சி இதற்கு உதவாது. கொழுப்பும் நாரும் இல்லாததால் அவித்ததும் தேங்காய்த் தும்பாகிவிடும்.

அரைத்த இறைச்சியிலும் செய்யலாம், நேரம் மிச்சம். ஆனால் உருண்டை உருண்டையாகி, கடிக்கும்போது இரண்டு நுனியாலும் கொட்டும். முதல் தடவை பிய்த்த இறைச்சியிலேயே செய்து பாருங்கள்.

அவித்து, பிய்த்து, காய வைப்பது

முடிந்தால் இதை முதல் நாள் இரவே செய்து வைப்பது நல்லது. ஆறின இறைச்சி சுற்றுவதற்கு இலகு, உப்பும் உறைப்பும் உள்ளே ஊறியிருக்கும்.

செத்தல் மிளகாயின் காம்பை உடைத்து விதையைத் தட்டிக் கொட்டுங்கள். வெறும் தாச்சியில் வாசம் வரும்வரை, கருகாமல், புரட்டி எடுங்கள். சுடுதண்ணீரில் கால் மணித்தியாலம் ஊறப் போட்டு, தக்காளி, உள்ளி, கற்பூரவள்ளியோடு நைசாக அரையுங்கள். மெக்சிக்கோவில் இதற்கு வேறு சாதி மிளகாய் இருக்கிறது. நிறம் கூட, உறைப்புக் குறைவு. எங்கள் செத்தலில் உறைப்புத் தூக்கலாக இருப்பதால்தான் விதையை எடுக்கச் சொன்னேன். சிறுபிள்ளைகள் சாப்பிடுவதென்றால் மூன்று மிளகாய் போதும்.

இறைச்சியைத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, நான்கு சென்ரிமீற்றர் அளவுக் கட்டிகளாக வெட்டுங்கள். எந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள் என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தும்பு ஓடுகிற திசையைப் பாருங்கள், அதற்குக் குறுக்கே கத்தி போக வேண்டும். அப்போதுதான் பிய்த்த தும்புகள் கட்டியின் அளவுக்கு மேல் நீளாது. நீளத் தும்பாக இருந்தால் முதல் கடியிலேயே உள்ளே இருக்கிற இறைச்சி முழுக்க இழுபட்டு வெளியே வந்துவிடும், கையில் மிஞ்சுவது வெறும் குழல்.

தாச்சியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நன்றாகச் சூடானதும் இறைச்சியைப் போட்டு, அசைக்காமல் ஒவ்வொரு பக்கமும் மண்ணிறமாகும்வரை விடுங்கள். பிறகு எல்லாவற்றையும் பிரஷர் குக்கருக்கு மாற்றுங்கள்: அரைத்த கூட்டு, நறுக்கிய வெங்காயம், சீரகம், மிளகு, ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு கப் தண்ணீர். முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்து நாற்பது நிமிடம். நெருப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை திறக்க வேண்டாம். ஒரு கட்டியை முள்ளுக்கரண்டியால் அமர்த்தினால் பிரிந்து விழ வேண்டும். இழுத்துப் பிடித்தால் இன்னும் கால் மணித்தியாலம் வையுங்கள். வயது போன மாடென்றால் நேரம் எடுக்கும், அதற்கு யாரையும் கோபித்துப் பயனில்லை. குக்கர் இல்லாதவர்கள் அடி கனத்த பாத்திரத்தில் மூடி, மெல்லிய நெருப்பில் இரண்டரை, மூன்று மணித்தியாலம் வைக்க வேண்டும். இடையிடையே தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூடு கொஞ்சம் ஆறியதும் இறைச்சியை வெளியே எடுத்து இரண்டு முள்ளுக்கரண்டியால் பிய்த்து வையுங்கள். குக்கரில் மிஞ்சிய தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ருசி முழுக்க அதில்தான் இருக்கிறது. அதை அகலத் தாச்சியில் ஊற்றி, கூழ் பதத்துக்கு வற்றவிட்டுப் பிய்த்த இறைச்சியை அதில் போட்டுப் பிரட்டுங்கள். நடுத்தர நெருப்பில் பத்து நிமிடமாவது கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் சலசல என்று கேட்கும். தண்ணீர் போகப் போகச் சத்தம் மாறி, பொரிகிற ஓசை வரும். சில தும்புகளின் நுனி கறுத்துச் சுருளும். அப்போது தாச்சியைச் சரித்துப் பாருங்கள். ஓரத்தில் சாறு ஓடி வந்தால் இன்னும் காணாது. ஒரு பிடி எடுத்துக் கடதாசியில் அமர்த்தினால் எண்ணெய்க் கறை மட்டும் பிடிக்க வேண்டும், தண்ணீர் ஊறக்கூடாது. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பிறகு ஓவன் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி ரொட்டியை உள்ளிருந்தே அவித்துவிடும்.

இறக்கித் தேசிப்புளி விட்டு, உப்புப் பார்த்து, நன்றாக ஆறவிடுங்கள்.

ரொட்டி

மெக்சிக்கோ ரொட்டிக்குப் பாவிக்கிற சோள மா சாதாரண சோள மா கிடையாது. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து, ஊறவிட்டு, தோலைக் கழுவிப் போக்கி அரைப்பார்கள். சுண்ணாம்பு பட்ட சோளத்துக்குத்தான் பிசையும்போது ஒட்டுகிற தன்மை வரும். எங்கள் கடைகளில் கிடைக்கிற சோள மாவுக்கு அந்தப் பக்குவம் இல்லை. தனியே அதை மட்டும் பிசைந்தால் மண்போல உதிரும். அதனால்தான் கோதுமை மா சேர்க்கிறோம். சீனக்குடாவில் பிரிமா மா ஆலையை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில் கோதுமை மாவுக்கா பஞ்சம்!

இரண்டு எச்சரிக்கை. கடையில் "கோர்ன் ஃபிளவர்" என்று வருகிற வெள்ளைப் பொடி கஸ்டட்டுக்கும் சூப்புக்கும் போடுகிற மாச்சத்து. ரொட்டிக்கு அது ஆகாது. எங்களுக்கு வேண்டியது மஞ்சள் நிறத்துச் சோள மா. கொரகொரப்பாக இருந்தால் அரித்து நைசானதை மட்டும் எடுங்கள். அடுத்தது, பிட்டுக்கு என்று அவித்து அரித்து வைத்திருக்கிற கோதுமை மாவை எடுத்துவிட வேண்டாம். அவித்த மாவில் இழுவை இருக்காது, ரொட்டி வெடிக்கும். பச்சை மாதான் வேண்டும்.

மா இரண்டையும் உப்போடு கலந்து, எண்ணெயை விட்டு விரலால் உதிர்த்துவிடுங்கள். கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடிய சுடுதண்ணீரை முதலில் முக்கால் கப் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறி, சூடு தணிந்ததும் பிசையுங்கள். வறண்டிருந்தால் மேசைக்கரண்டி கணக்கில் தண்ணீர் சேருங்கள். சோள மா தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும், ஆகவே பிசைந்த உடனே கையில் இலேசாக ஒட்டுவதுதான் சரியான பதம். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் விட்டால் ஒட்டுவது நின்றுவிடும்.

தேசிக்காய் அளவில் பதினாறு உருண்டை பிடித்து, ஒவ்வொன்றையும் பதினைந்து சென்ரிமீற்றர் அகலத்துக்கு மெல்லிதாக உருட்டுங்கள். வட்டம் கோணினால் பரவாயில்லை, சுற்றியபிறகு யாருக்கும் தெரியாது. தடிப்புத்தான் முக்கியம், பின்பக்கம் வைத்த விரலின் நிழல் தெரிய வேண்டும். சூடான தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அதைவிடக் குறைவு. பச்சை மாவின் நிறம் போனால் போதும், புள்ளி விழும்வரை விடக்கூடாது. எடுத்த உடனே சுத்தமான துவாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடி வையுங்கள். அடுக்குக்குள் அடைபட்ட ஆவிதான் ரொட்டியை இளக்கி வைக்கும்.

பொதி செய்து வருகிற டோர்ட்டியா என்கிற மெக்சிக்கோ ரொட்டி சூப்பர் மார்க்கெட்டில் அகப்பட்டால் அதையும் பாவிக்கலாம். தனிச் சோளத்தில் செய்ததென்றால் ஈரத்துணியில் சுற்றி ஆவியில் இரண்டு நிமிடம் வைத்து இளக்கிய பிறகே சுற்றுங்கள். கோதுமை டோர்ட்டியா பெரிதாக இருக்கும், பாதியாக வெட்டினால் அளவு சரியாக வரும்.

சுற்றுவது

இந்த வேலைக்கு முன்னரே ஓவனைப் போட்டுவிடுங்கள், கீழே சொல்கிறபடி.

ஒரு ரொட்டியை மட்டும் வெளியே எடுங்கள், மிச்சம் துவாய்க்குள்ளேயே இருக்கட்டும். உங்களுக்குக் கிட்டவான ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, இறைச்சியை ஒன்றரை மேசைக்கரண்டி அளவில் நீட்டுக் கோடாக வையுங்கள். சீஸ் போடுவதென்றால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் போனால் உருகி ஓடித் தட்டில் கருகும். ஓரத்தைத் தூக்கி இறைச்சிக்கு மேலே போட்டு, விரல்களால் உங்கள் பக்கம் இழுத்து இறுக்கி, அப்படியே முன்னுக்கு உருட்டுங்கள். ரோல்ஸைப்போல இரண்டு பக்கமும் உள்ளே மடிக்க வேண்டாம். நுனி திறந்திருந்தால்தான் ஆவி வெளியே போகும்.

முடிவு ஓரம் கீழே வரும்படி வையுங்கள். அடம்பிடித்து விரிகிறதென்றால் பல்லுக்குத்தும் குச்சியால் இரண்டு மூன்றைச் சேர்த்துக் குத்தலாம். முதல் ரொட்டியே வெடித்தால் துவாயில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அடுக்கோடு மூடி ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள்.

சுற்றி முடித்ததும் எண்ணெய். எல்லாப் பக்கமும், நுனி உட்பட, தூரிகையாலோ கையாலோ மெல்லிதாகத் தடவ வேண்டும். ஓவனில் சுடுவதால் எண்ணெயே தேவையில்லை என்று நினைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எண்ணெய் இல்லாத ரொட்டி காயும், ஆனால் மொறுமொறுக்காது. அப்பளத்தைச் சுட்டதற்கும் பொரித்ததற்கும் இருக்கிற வித்தியாசம்தான். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் வாசம் தெரியும். எனக்கு மரக்கறி எண்ணெய்தான் பிடிக்கும்.

ஓவன்

எங்கள் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மேசையில் வைக்கிற மின்சார ஓவன். இது 1500 வோட்ஸ், 2000 வோட்ஸ் இழுக்கும். 5 அம்பியர் சின்ன பிளக்கில் மல்டி பிளக் வைத்துச் செருகக்கூடாது. 230 வோல்ட்டில் 5 அம்பியர் என்றால் 1150 வோட்ஸ்தான் தாங்கும். 13 அல்லது 15 அம்பியர் பிளக்கில் நேரே செருகுங்கள். அதே பிளக்கில் கேத்திலையும் சேர்த்துப் போட வேண்டாம்.

மேல் கம்பி, கீழ் கம்பி இரண்டும் வேலை செய்கிற நிலையில் திருப்பி, 220 பாகை செல்சியஸில் முழுதாகக் கால் மணித்தியாலம் சூடேற்றுங்கள். காற்றாடி உள்ள ஓவனுக்கு 200 போதும். சின்ன ஓவன்களில் குமிழில் எழுதியிருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் ஒத்துப்போகாது. பாண் துண்டு ஒன்றை நடுத்தட்டில் வைத்து, எந்த மூலை முதலில் கருகுகிறது என்று ஒரு தடவை பார்த்து வைத்தால் பிறகு எல்லாச் சமையலுக்கும் உதவும்.

தட்டுக்கு மேலே கம்பி வலையை வைத்து, அதன்மேல் டக்கீட்டோவை அடுக்குவது நல்லது. கீழேயும் காற்று போகும். வலை இல்லாவிட்டால் தட்டையும் ஓவனுக்குள் வைத்துச் சூடாக்கி, எண்ணெய் தடவி, அதிலே வையுங்கள். கேக்குக்குப் பாவிக்கிற மெழுகுபோன்ற ஒயில் பேப்பர் இந்தச் சூட்டுக்குப் புகையும், அதைத் தவிருங்கள். ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளி வேண்டும். பதினாறையும் ஒரே தடவையில் நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவி மற்றதில் படிந்து, இரண்டும் கெடும். இரண்டு தடவையாகச் சுடுங்கள்.

நடுத்தட்டுக்கு ஒரு படி மேலே வைத்து எட்டு, பத்து நிமிடம். திருப்பிப் போட்டு இன்னும் ஆறு முதல் எட்டு நிமிடம். நேரத்தைவிட நிறத்தை நம்புங்கள்: ஓரங்கள் கடும் மண்ணிறம், நடு பொன்னிறம். நகத்தால் தட்டினால் காய்ந்த சத்தம் கேட்க வேண்டும். மேல் கம்பி கிட்ட இருக்கிற ஓவனில் கடைசி மூன்று நிமிடமும் கண்ணாடியை விட்டு நகர வேண்டாம்.

எடுத்த உடனே வலையில் மூன்று நிமிடம் ஆறவிடுங்கள். மொறுமொறுப்பு முழுதாக இறுகுவது இந்த மூன்று நிமிடத்தில்தான். சூடாக இருக்கட்டும் என்று மூடி போட்டாலும், துவாயால் மூடினாலும், டிஃபன் பெட்டிக்குள் அடைத்தாலும் செய்த வேலை வீண்.

எயார் ஃபிரையர் வைத்திருப்பவர்கள் 200 பாகையில் எட்டு முதல் பத்து நிமிடம், பாதியில் ஒரு தடவை திருப்பிச் சுடலாம். முதல் ஐந்து நிமிடத்தில் காற்று வேகத்தில் சுருள் விரியும், ஆகவே குச்சி கட்டாயம். ஓவனும் இல்லை, ஃபிரையரும் இல்லை என்றால் தோசைக்கல்லில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு உருட்டி உருட்டிப் பொரித்தாலும் ருசிக்குக் குறைவில்லை.

கச்சானும் வாடையும்

மூன்று பக்கம் கடல் சூழ்ந்த ஊரில் மொறுமொறுப்பைப் பற்றிப் பேசுகிறவர் காற்றைப் பற்றியும் பேச வேண்டும். ஆனி, ஆடியில் கச்சான் வீசும்போது காற்று காய்ந்திருக்கும். அந்தக் காலத்தில் சுட்டது ஒரு மணித்தியாலம் கழித்தும் நன்றாக இருக்கும். பிசைந்த மாவும் ரொட்டியும்தான் அப்போது சீக்கிரம் வறளும், துவாயை இடைக்கிடை ஈரமாக்குங்கள். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் பிடித்தால் கதை தலைகீழ். கடதாசியே நமுத்துப்போகிற நாளில் ரொட்டி மட்டும் எப்படித் தப்பும்? ரொட்டியை இன்னும் மெல்லிதாக உருட்டுங்கள், இரண்டு நிமிடம் கூடச் சுடுங்கள். விருந்தாட்கள் வரும்வரை ஓவனை 100 பாகைக்குக் குறைத்து, கதவில் அகப்பைக் காம்பைச் செருகிக் கொஞ்சம் திறந்தபடி உள்ளேயே வைத்திருங்கள். ஜன்னலோரம் மேசை போட்டுப் பரிமாறுகிற ஆசையை மழைக்காலத்தில் விட்டுவிடலாம்.

தொட்டுக்கொள்ள

ஆனைக்கொய்யா மலைநாட்டிலிருந்து மலிவாக வருகிற நாட்களில் முதல் இடம் அதற்குத்தான். கனிந்த பழம் ஒன்றை பச்சை மிளகாய் ஒன்று, ஒரு பிடி மல்லியிலை, பாதித் தேசிக்காயின் சாறு, உப்பு, கால் கப் தண்ணீரோடு அரைத்தால் ஊற்றுகிற பதத்தில் பச்சைச் சாறு. சீனி போட்டு உண்டு பழகினவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு கிண்ணத்தை வழிப்பார்கள்.

மெக்சிக்கோக்காரர்கள் பக்கத்தில் வைக்கிற புளித்த பாலாடைக்கு இங்கே தேடித் திரிய வேண்டியதில்லை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துச் சட்டி எருமைத் தயிர் அதைவிடக் கெட்டி. மெல்லிய துணியில் கட்டி ஒரு மணித்தியாலம் தொங்கவிட்டு, உப்பும் கொஞ்சம் தேசிப்புளியும் சேர்த்து அடியுங்கள். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், மல்லியிலையைப் பொடியாக அரிந்து தேசிப்புளி விட்டால் இன்னொன்று. அதில் தக்காளி விதையையும் தண்ணீரையும் நீக்கிவிடுங்கள். எதையுமே டக்கீட்டோவின் மேலே ஊற்றி மேசைக்கு அனுப்ப வேண்டாம், கிண்ணத்தில் வைத்து அவரவர் தொட்டுச் சாப்பிடட்டும். மாசிச் சம்பலோடு சாப்பிடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். அது மெக்சிக்கோவைவிட்டு வெகு தூரம் போய்விடுகிறது, ஆனால் கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன்.

மாட்டிறைச்சி சேராத வீடுகளுக்கு

எங்கள் ஊரில் ஒரு ஒழுங்கைக்குள்ளேயே மாட்டிறைச்சி உண்பவர்களும் தொடாதவர்களும் இருப்பார்கள். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற எண்ணம் இருந்தால் முதலிலேயே தனித் தட்டு, தனித் தூரிகை, தனி எண்ணெய்க் கிண்ணம் எடுத்து, அவர்களுடையதை முதல் தடவையில் சுட்டுவிடுங்கள். கோழி என்றால் தொடை இறைச்சி. அதே கூட்டில் குக்கரில் பன்னிரண்டு நிமிடம் போதும். முஸ்லிம் வீட்டுக்கு என்றால் எங்கே வாங்கியது என்று அவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுவது மரியாதை.

வெள்ளிக்கிழமைக்கு உருளைக்கிழங்கு. இதைப் பதிலுக்கு வைத்த பண்டமாக நினைக்க வேண்டாம், மெக்சிக்கோவிலேயே கிழங்கு வைத்துச் சுற்றுவது சாதாரண வழக்கம். அவித்த கிழங்கை மசித்து, தாளித்த வெங்காயம், சீரகம், செத்தல் தூள், உப்புச் சேர்த்து வையுங்கள். மஞ்சளும் கடுகும் போட்டால் மசாலாத் தோசைக் கிழங்காகிவிடும், போட வேண்டாம்.

மிஞ்சினால்

அவித்த இறைச்சியை எங்கள் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்க வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் இருக்கும். நெடுநேரம் கரண்ட் போய் வந்த நாளென்றால் மணந்து பார்த்து முடிவெடுக்காமல் கொட்டிவிடுங்கள்.

சுற்றி எண்ணெய் தடவி, சுடாமல், ஒன்றோடொன்று ஒட்டாதபடி தட்டில் பரப்பி உறையவிட்டு, பிறகு பையில் கட்டி உறைநிலைப் பெட்டியில் ஒரு மாதம் வைக்கலாம். நோன்பு காலத்துக்கும் திடீர் விருந்தாட்களுக்கும் இது பெரிய உதவி. சுடும்போது இளகவிட வேண்டாம். உறைந்தபடியே ஓவனுக்குள் போகட்டும், நேரத்தில் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். இளகவிட்டால் வெளியே தண்ணீர் பூத்து ரொட்டி ஊறிவிடும்.

சுட்டது மிஞ்சினால் 180 பாகையில் ஆறேழு நிமிடம் சூடாக்கலாம். மைக்ரோவேவில் வைத்தால் அரை நிமிடத்தில் துவண்டுவிடும். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் குத்திய குச்சிகளை எண்ணி எடுத்துவிடுங்கள்.